தாணுலெட்சுமி அம்மா திருத்திய விடை

பல் பிடுங்குவதற்காக நாகர்கோவிலில் ஒரு பல் மருத்துவரிடம் போயிருந்தேன். தாடையில் ஊசி போட்டு, மரத்துப்போகட்டும் என்று வெளியே உட்கார வைத்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்துச் செல்வன் கூப்பிட்டார். தாணுலெட்சுமி அம்மா அமைச்சராக இருந்த காலத்தில் அவருக்குக் கார் ஓட்டியவர் செல்வன். "காதர் சாரே, அம்மா போயிட்டாவ. காலம்பற சாயா குடிச்சிட்டு பேப்பர் வாசிச்சிட்டு இருந்தாவளாம். அப்படியே சாஞ்சிட்டாவ" என்றார். எனக்கு நாக்கு புரளவில்லை. "ம்" என்று மட்டும் சொன்னேன். நான் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, "பைய வாருங்க சாரே, வெப்ராளப்படாண்டாம்" என்று தேற்றினார். பல்லைப் பிடுங்காமலே எழுந்து, அம்மாவின் வீடு இருக்கும் மயிலாடிக்குப் பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் கைப்பேசியைத் திறந்தால் அதற்குள் செய்தி வந்துவிட்டது. ஆறே வரி. பிறந்த ஊர், தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர் வேலை, தொழிற்சங்கம், சட்டமன்ற உறுப்பினர், பிறகு அமைச்சர். ஐந்து வரியும் சரி. ஆறாவது வரி இது: "பொருளாதார மந்தநிலையின்போது பேரவையில் தவறான தகவல் அளித்து, அதனால் பதவியை இழந்தவர்." எனக்கு வந்த கோபத்தைப் பார்த்துப் பக்கத்து சீட்டுக்காரர் ஜன்னல் ஓரமாக ஒதுங்கிக்கொண்டார். இரண்டு நாள் கழித்து அந்தச் செய்தி நிறுவனத்துக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தேன். பேசிய இளைஞர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார். "சார், அது அவைக் குறிப்புலயே இருக்கே." இருக்கிறது. அதுதான் சிக்கல்.

அம்மாவை அறிந்த நீங்கள் பலர் இதை வாசிப்பீர்கள். கூட்டங்களில் அவரோடு நின்றவர்கள், அவரிடம் மனு கொடுத்தவர்கள், அவரைத் திட்டியவர்களும்கூட. அவருடைய எளிமை, நேர்மை என்றெல்லாம் மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். எனக்கு வேறு வேலை இருக்கிறது. அந்த ஆறாவது வரியைத் திருத்த வேண்டும். அதைத் திருத்தும் கடமை என்னைத் தவிர வேறு யாருக்கும் இல்லை.

நான் கோட்டாறுக்காரன். சென்னையில் தலைமைச் செயலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அம்மாவின் துறையில், பேரவைக் கேள்விகளுக்கு விடை தயாரிக்கும் பிரிவில் இருந்தேன். உறுப்பினர் கேட்பதும் அமைச்சர் எழுந்து பதில் சொல்வதும்தான் வெளியே தெரியும். அந்தப் பதில் பல மேசைகளைத் தாண்டி வருகிறது. உறுப்பினர் தம் கேள்வியை (அ), (ஆ) என்று பிரித்து எழுதி அனுப்புவார். (அ)வில், இன்னது நடந்ததா என்று கேட்பார். (ஆ)வில், ஆமெனில் அரசு என்ன செய்யப்போகிறது என்பார். நடக்கவில்லை என்று தெரிந்தால் எங்களுக்குக் கொண்டாட்டம். (அ) இல்லை. (ஆ) எழவில்லை. முதல் கேள்விக்கு இல்லை என்று சொல்லியாயிற்று, ஆகவே இரண்டாவது கேள்வியே எழவில்லை என்று பொருள். இரண்டு சொல்லில் ஒரு கோப்பு மூடிவிடும். சுருக்கி எழுதுவதில் எனக்குப் பெரிய பெயர். காதர் கையில் கொடுத்தால் ஒரு பக்கம் ஒரு வரியாகிவிடும் என்பார்கள். அந்தப் பெயரில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அம்மா பொறுப்பேற்ற வாரம், நான் எழுதிய ஒரு விடையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். எந்த ஊர் என்று கேட்டார். கோட்டாறு என்றதும் முகம் மலர்ந்தது. அடுத்த நிமிடமே பேச்சு ஊர்ப் பேச்சாகிவிட்டது.

"அப்பம் நம்ம ஆளாக்கும். இந்த 'எழவில்லை'ன்னா என்னதுன்னு எனக்கு நேரே சொவ்வே சொல்லும் பாப்போம்."

சொன்னேன். கேட்டுக்கொண்டு காகிதத்தை மேசைமேல் வைத்தார். பிறகு தம் பழைய வேலையைப் பற்றிச் சொன்னார். டிரங்க் கால் காலத்தில் நாகர்கோவிலில் ஆபரேட்டராக இருந்தவர் அவர். பம்பாயில் வேலை பார்க்கும் மகனோடு பேச, குளச்சலிலிருந்தும் தேங்காய்ப்பட்டணத்திலிருந்தும் வந்து மணிக்கணக்கில் காத்திருப்பார்கள். பலகையில் பிளக்கைச் சொருகிச் சொருகிப் பார்த்தாலும் லைன் கிடைக்காது. காத்திருப்பவரிடம் எதையாவது சொல்லியாக வேண்டும்.

"மக்களே, கேள்வின்னு ஒண்ணு வந்தா லைன்ல ஒரு ஆளு நிக்குன்னு அர்த்தம். கிடைக்கலன்னா கிடைக்கலன்னு சொல்லணும். இன்னும் நேரமாகும்னா ஆகும்னு சொல்லணும். ஒண்ணும் சொல்லாம பிளக்க உருவப்படாது. நீரு எழுதினது பிளக்க உருவுகது மாதிரி இருக்கு."

எனக்கு ரோஷமாக இருந்தது. இத்தனை வருடச் சர்வீஸில் என் சுருக்கத்தை யாரும் குறை சொன்னதில்லை.

அவருடைய வேலை முறை எங்களுக்குப் பழக ஒரு மாதம் ஆயிற்று. கேள்வி நேரம் உள்ள நாட்களில் காலை ஏழு மணிக்கே அவர் வீட்டில் இருக்க வேண்டும். அதிகாரிகளை வரிசையாக உட்கார வைத்து, "இப்பம் நீங்க எல்லாரும் எதிர்க்கட்சி. கேளுங்க" என்பார். அமைச்சரை எதிர்த்துக் கேள்வி கேட்க எங்களுக்கு வாய் வராது. அதற்கும் திட்டு விழும். ஒருநாள் எங்கள் துணைச் செயலாளர் எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, "அம்மா அவர்கள் மன்னிக்க வேண்டும், இந்த அரசு தூங்குகிறதா?" என்று கேட்டார். அம்மா சிரித்த சிரிப்பில் சாயா டம்ளர் கவிழ்ந்துவிட்டது. கேட்பவர் பேசும்போது மட்டும் இடது கையால் காதை மூடிக்கொள்வார். ஹெட்போன் மாட்டிய பழக்கம் போகவில்லை.

சில சொற்களுக்கு அவர் வீட்டுக்குள் வர அனுமதி இல்லை. "பரிசீலனையில் உள்ளது" என்று எழுதினால், "எந்த மேசையில உள்ளது? மேசைக்காரன் பேரச் சொல்லும்" என்பார். "விரைவில்" என்று எழுதினால், "எப்பம்? ஓணத்துக்கா, கிறிஸ்துமஸுக்கா?" என்பார். விடை தெரியாத கேள்விகளை ஒரு நீளமான டெலிபோன் நம்பர் டயரியில் குறித்து வைப்பார். கேட்டவர் பெயர் எந்த எழுத்தில் தொடங்குகிறதோ அந்தப் பக்கத்தில் கேள்வி இருக்கும். பதில் சொல்லி முடித்த பிறகுதான் அதன்மேல் கோடு விழும்.

பேரவையில் அவர் பேசுவது வேறு தமிழ். நிறுத்தி, நிதானமாக, ஒவ்வொரு ழகரமும் சுத்தமாக விழும். எதிர்க்கட்சியில் ஒரு மூத்த உறுப்பினர் இருந்தார். எழுந்தால் லேசில் உட்காரமாட்டார். ஒருமுறை துணைக் கேள்வி என்ற பெயரில் வெகு நேரம் பேசிவிட்டு, அமைச்சரிடம் பதில் இருக்காது என்று மேசையைத் தட்டி அமர்ந்தார். அம்மா எழுந்தார். "உறுப்பினர் அவர்கள் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். இரண்டுக்கு எனக்கு விடை தெரியும், சொல்கிறேன். மூன்றாவது எனக்குத் தெரியாது. மாலைக்குள் தெரிந்துகொண்டு நானே வந்து சொல்கிறேன்" என்றார். அவை சிரித்தது. மாலையில் அந்த உறுப்பினரின் அறைக் கதவை அம்மாவே போய்த் தட்டினார். நான் கோப்போடு பின்னால் நின்றேன். பெரியவர் அதிர்ந்து எழுந்து, உட்காரச் சொல்லவும் மறந்து நின்றார். அமைச்சர் ஒருவர் அப்படித் தேடி வந்து பதில் சொன்னது அவருக்கு அதுதான் முதல் தடவை என்று பிற்பாடு என்னிடம் சொன்னார்.

அப்படிப்பட்டவரைத்தான் நான் அவையில் தவறாகப் பேச வைத்தேன்.

அந்த மந்த ஆண்டு உங்களுக்கு மறந்திருக்காது. வளைகுடாவிலிருந்து ஆட்கள் பெட்டியோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். பாதி கட்டிய வீடுகள் கம்பியை நீட்டிக்கொண்டு அப்படியே நின்றன. கோட்டாறு கடைத்தெருவில் பகலிலேயே கடைக்காரர்கள் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பேரவையில் எங்கள் துறைக்கு வரும் கேள்விகள் கட்டுக்கட்டாகப் பெருகின. அதில் ஒன்று எங்கள் மாவட்டத்துக் கேள்வி. அதை அனுப்பியவர் அதே மூத்த உறுப்பினர்தான்.

(அ) கன்னியாகுமரி மாவட்டத்தில் முந்திரி ஆலைகள் மூடப்பட்டுள்ளனவா? (ஆ) ஆமெனில், வேலை இழந்த பெண்களுக்கு நிவாரணம் அளிக்கப்படுமா?

மாவட்டத்திலிருந்து அறிக்கை கேட்டோம். ஒரு பக்கம் வந்தது. முந்திரிக்கொட்டை வரத்துக் குறைவு, உலகச் சந்தை என்று சுற்றி வளைத்துவிட்டு, "எந்த ஆலையிடமிருந்தும் மூடல் அறிவிப்பு பெறப்படவில்லை" என்று முடிந்திருந்தது. அன்று எனக்கு முன்னால் இன்னும் ஒரு கட்டு இருந்தது. மூடியதாக யாரும் அறிவிக்கவில்லை என்றால் மூடவில்லை என்று கணக்கு. நான் பேனாவை எடுத்தேன். (அ) இல்லை. (ஆ) எழவில்லை.

அம்மா காலையில் அதைப் பார்த்து, "நெசமாட்டு ஒண்ணும் மூடலியா?" என்று கேட்டார். "மாவட்ட அறிக்கை இருக்கிறது அம்மா" என்றேன். அறிக்கையை எடுத்துக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. ஊர்க்காரன் சொல்கிறானே என்று அவர் நம்பினார். அவையில் வாசித்தார். கேள்வி கேட்ட பெரியவர் அன்று உடம்பு சரியில்லாமல் வரவில்லை. துணைக் கேள்வி எதுவும் இல்லாமல் அரை நிமிடத்தில் முடிந்தது. தொலைக்காட்சியில் ஒரு துண்டு ஓடியது, அவ்வளவுதான்.

அடுத்த வாரக் கடைசியில் மார்த்தாண்டத்தில் ஒரு கல்யாணம். நானும் ஊருக்கு வந்திருந்ததால் அம்மாவோடு போனேன். மண்டபத்தில் ஆளாளுக்கு வந்து அம்மாவின் கையைப் பிடித்துப் பேசினார்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்ணும் வந்தார். பெயர் தங்கபாய். அம்மாவின் பழைய தொழிற்சங்க ஆள், முந்திரி ஆலையில் ஓடு உடைக்கிறவர். எங்கள் பக்கம் முந்திரிக்கொட்டையை அண்டி என்றும் முந்திரி ஆலையை அண்டியாபீஸ் என்றும் சொல்வோம். ஓடு உடைக்கிற பெண்களின் விரல்களில் முந்திரி ஓட்டின் எண்ணெய் பட்டுப் பட்டு நுனியெல்லாம் கறுத்திருக்கும். எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. வேலைக்குப் போகாமல் பல வாரம் இருந்தால்தான் வெளுக்கும்.

அம்மா பிடித்த கையை விடவில்லை. திருப்பிப் பார்த்தார். விரல் வெளுத்திருந்தது.

"தங்கபாயே, வேலைக்குப் போவலியா?"

"எங்க போவ? உங்கள டிவில கண்டேன் அக்கா. அண்டியாபீஸ் ஒண்ணும் மூடலன்னு சொன்னியல்லா. எது ஓடுகுன்னு சொன்னியன்னா நாங்க எல்லாரும் அங்க போவோம். எவ்வளவு தூரம்னாலும் செரி."

அதில் குத்தல் எதுவும் இல்லை. தங்கபாய் உண்மையாகவே விலாசம் கேட்டார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். என் இலையில் அடைப்பிரதமன் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். போதும் என்று சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை, இலையெல்லாம் வழிந்தது.

மறுநாள் காலை ஏழரைக்குக் கொடி இல்லாத காரில் போனோம். செல்வன்தான் ஓட்டினார். முதல் ஆலையின் கதவு அகலத் திறந்து கிடந்தது. காவல்காரர் இருந்தார். வருகைப் பதிவேடும் இருந்தது. புகைபோக்கியில் புகை இல்லை. மதிலோரம் நாற்பது ஐம்பது பெண்கள் சோற்றுப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தினமும் வருகிறார்கள். முந்திரிக்கொட்டை வந்து இறங்குகிற நாளில் யார் வரவில்லையோ அவர் பெயரை வெட்டிவிடுவார்கள் என்று பயம். பத்து மணி வரை இருந்துவிட்டு, கொண்டுவந்த சோற்றை வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போவார்கள்.

"மூடியாச்சான்னு கேட்டா இல்லம்மா" என்றார் காவல்காரர். "கேட்டு தெறந்துதான் கெடக்கு. அண்டி வரல. கப்பல் வரணுமாம். நாளைக்கு வாங்கன்னு சொல்லச் சொல்லியிருக்காரு மொதலாளி. நானும் நாலு மாசமாட்டு சொல்லுகேன்."

இன்னும் மூன்று ஆலைகளுக்குப் போனோம். எங்கும் கதவு திறந்திருந்தது. எங்கும் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூடல் அறிவிப்பு கொடுத்தால் சட்டப்படி பல பொறுப்புகள் வரும், கதவைத் திறந்து போட்டிருந்தால் எதுவும் இல்லை. முதலாளிகள் கண்டுபிடித்த வழி அது. மாவட்ட அறிக்கை எழுதியவர் பொய் சொல்லவில்லை. அறிவிப்பு வரவில்லை என்றுதான் எழுதினார். அறிவிப்பு வரவில்லை என்பதை ஆலை மூடவில்லை என்று ஆக்கியது என் பேனா.

காரில் அதை அம்மாவிடம் சொன்னேன். அறிக்கையின் கடைசி வரியை எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தேன். தக்கலை தாண்டும்போது அவர் கேட்டார்.

"இப்பம் அவளுவளுக்கு நிவாரணம் கேட்டா நிதித்துறைக்காரன் என்ன சொல்லுவான்?"

"கேட்டுப் பார்க்க முடியாது அம்மா. ஆலை எதுவும் மூடவில்லை என்று நம் துறையே அவையில் சொல்லியிருக்கிறது. அந்த விடையைக் காட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்கள்."

"அப்பம் பிளக்க உருவினது நான். செரி, நானே சொருகுகேன்."

அவையில் கொடுத்த விடை தவறு என்று தெரிந்தால், அமைச்சரே எழுந்து அதைத் திருத்தி அறிக்கை படிக்கலாம். முறை உண்டு. யாரும் விரும்பிச் செய்வதில்லை, அதுவும் கேட்டவரே கவனிக்காத ஒரு கேள்விக்கு. சென்னையில் விஷயம் பரவியதும் ஆளாளுக்கு வந்து தடுத்தார்கள். கட்சியில் ஒரு பெரியவர் வீட்டுக்கே வந்து, மந்தம் இல்லை என்று நாம் எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கும்போது நீங்கள் ஒருவர் எழுந்து இருக்கிறது என்றால் என்ன ஆகும் என்று கேட்டார். பதவி போகும் என்பதைச் சுற்றி வளைக்காமலே சொன்னார். அம்மா அவருக்கு நேந்திரங்காய் உப்பேரியைத் தட்டில் வைத்துக் கொடுத்து, "இது மார்த்தாண்டத்துல வாங்கினது, நல்லா இருக்கும்" என்றார். வந்தவர் இரண்டு துண்டு தின்றுவிட்டுப் போய்விட்டார்.

திருத்த அறிக்கையை என்னையே எழுதச் சொன்னார். "தப்பா எழுதின கையே செரியாட்டு எழுதட்டு." பயத்தில் நான் மூன்று பக்கம் எழுதினேன். சர்வதேசச் சந்தை, மூடல் என்பதற்கான சட்ட விளக்கம், புள்ளிவிவரங்களின் போதாமை எல்லாம் வந்துவிட்டன. அம்மா வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சுருக்கப்படாத எடத்துல சுருக்கினீரு. இப்பம் என்னத்துக்காக்கும் இவ்வளவு நீளம்?"

அவர் எதிரிலேயே உட்கார்ந்து வெட்டினேன். ஐந்து வாக்கியம் மிஞ்சியது. அதன் பிறகு, தவறான விடையை எழுதியது நான்தான் என்று அவையில் சொல்லிவிடுங்கள் என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்த ஒரே தடவை அதுதான். "உம்ம பேரச் சொன்னா எல்லாவனும் உம்ம பின்னால ஓடுவான். ஒரு வாரம் அதுதான் பேச்சு. அவளுவ கேட்டு வாசல்லயே கெடப்பாளுவ. நான் இருக்கது வரைக்கும் இதப் பத்தி வாயத் தெறக்கப்படாது, கேட்டீரா?"

மறுநாள் பேரவை. அதிகாரிகள் மாடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். அம்மா எழுந்து, எப்போதும் போல நிதானமாக வாசித்தார். "கன்னியாகுமரி மாவட்ட முந்திரி ஆலைகள் எதுவும் மூடப்படவில்லை என்று நான் விடை அளித்தேன். அது தவறு. மூடல் அறிவிப்பு வரவில்லை என்பதுதான் உண்மை. கதவுகள் திறந்திருக்கின்றன, உள்ளே வேலை இல்லை. எனவே உறுப்பினர் கேட்ட (ஆ) பிரிவுக் கேள்வி எழுகிறது, அதற்கு விடை சொல்ல நான் கடமைப்பட்டிருக்கிறேன்."

எதிர்ப்பக்கம் வெடித்தது. அரசு ஒப்புக்கொண்டுவிட்டது என்று மேசைகள் அதிர்ந்தன. ஆளும் பக்கத்தில் பலர் குனிந்து காகிதம் தேடினார்கள். அந்த மூத்த உறுப்பினர் எழுந்து, "இந்தத் தவறான விடையைத் தயாரித்த அதிகாரி யார்? அவர் பெயரை அமைச்சர் அவைக்குத் தெரிவிக்க வேண்டும்" என்றார்.

என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. மாடத்திலிருந்து அமைச்சருக்குத் துண்டுச் சீட்டு அனுப்புகிற வழக்கம் உண்டு. விவரம் ஏதாவது தேவைப்பட்டால் எழுதி அனுப்புவோம். ஒரு சீட்டைக் கிழித்து, "எழுதியது நான். என் பெயரைச் சொல்லிவிடுங்கள்" என்று எழுதி அனுப்பினேன். அம்மா அதை வாசித்தார். நான்காக மடித்தார். கையிலிருந்த டெலிபோன் டயரிக்குள் வைத்து மூடினார். பிறகு மைக்கைப் பார்த்துச் சொன்னார்.

"அன்று இந்த அவையில் கேட்டது என் குரல். அவைக் குறிப்பில் இருப்பது என் பெயர். உறுப்பினர் அவர்களின் கேள்வி என்னிடம்தான் வர வேண்டும், வந்துவிட்டது. தவறு என்னுடையது. இப்போது அந்தப் பெண்களைப் பற்றிக் கேளுங்கள், காத்திருக்கிறேன்."

மூத்த உறுப்பினர் மறுபடி எழுந்தார். குரல் இறங்கியிருந்தது. பெண்களைப் பற்றிக் கேட்டார். அம்மா எந்தக் குறிப்பையும் பார்க்காமல் இருபது நிமிடம் பதில் சொன்னார். அன்று அவர் நின்ற நிலையைச் சொல்ல எனக்கு எழுத்து போதாது. தோற்றவர் போல அவர் ஒரு நொடிகூட நிற்கவில்லை.

அடுத்த மாதமே அந்தப் பெண்களுக்கு அரிசியும் ஓர் உதவித்தொகையும் வந்தன. பெரிய தொகை இல்லை, ஆனால் கப்பல் வரும் வரை அடுப்பு எரிந்தது. அதற்கடுத்த மாதம் அமைச்சரவை மாற்றத்தில் அம்மாவின் பெயர் இல்லை. அவர் மூட்டை கட்டிக்கொண்டு மயிலாடிக்கு வந்துவிட்டார். நான் ஓய்வு பெற்று ஊர் திரும்பிய பிறகு வாரம் ஒருமுறை போனில் பேசுவோம். மயிலாடி கல்சிற்பிகளின் ஊர், பின்னால் யாரோ கல் கொத்துகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒருநாளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. கேலி மட்டும் உண்டு. "என்ன காதரே, இன்னைக்கு எத்தன பக்கத்த ஒரு வரியாக்கினீரு?" என்பார். நானும் சிரித்துவிடுவேன். வாயைத் திறக்கக்கூடாது என்று அவர் சொல்லியிருந்தது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அவர் மீது பழி இருந்தது. எனக்கு முழுப் பென்ஷன் வந்தது.

அன்று மயிலாடி வீட்டில் நல்ல கூட்டம். பந்தலில் பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். அம்மாவின் மகள் பிரேமா, யார் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று அந்த டெலிபோன் டயரியைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பக்கங்களிலிருந்து ஒரு சீட்டு விழுந்தது. எடுத்து வாசித்தாள். பக்கத்திலிருந்தவர்களிடம் காட்டினாள். என்னிடமும் வந்தாள்.

"மாமா, இது யாருக்க கையெழுத்துன்னு தெரியுமா? 'எழுதியது நான். என் பெயரைச் சொல்லிவிடுங்கள்'னு இருக்கு. பேரக் காணல. அம்மா என்னத்துக்கு இத இவ்வளவு வருஷமாட்டு வச்சிருக்கா?"

காகிதம் மஞ்சளாகியிருந்தது. என்னுடைய சுருக்கத்தில் நான் பெயரையே எழுதாமல் விட்டிருக்கிறேன். என் பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டவன் பெயரை எழுதவில்லை. தெரியாது என்று சொல்லியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. கட்சிக்காரர்கள் இருந்தார்கள், பத்திரிகைக்காரர் ஒருவர் இருந்தார், பெண்கள் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். அவர்களில் தங்கபாயும் ஒருவர். நன்றாக வயதாகிவிட்டது.

"எனக்கது" என்றேன். ஊசியின் மரமரப்பு இன்னும் போகவில்லை. ஏதோ குழறலாக வந்தது. பிரேமா, "என்ன மாமா?" என்றாள். மறுபடி, சத்தமாக, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "எனக்க கையெழுத்தாக்கும். அண்டியாபீஸ் ஒண்ணும் மூடலன்னு எழுதிக் குடுத்தது நானாக்கும். அம்மா இல்ல."

தங்கபாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்பம் நீங்களாக்கும் அது" என்றார். பிறகு பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். "செரி, இங்ஙன இருங்க. அதென்ன, வாயி ஒரு பக்கமாட்டு கோடிப்போய் இருக்கு?"

நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மடியிலிருந்த அவர் விரல்களின் நுனி கறுத்திருந்தது.

அந்தச் சீட்டைப் பிரேமா என்னிடமே கொடுத்துவிட்டாள். அதில் விட்டுப்போன பெயரை இப்போது எழுதியிருக்கிறேன். அம்மாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தச் சீட்டும், தவறாகச் சொன்ன இடத்திலேயே எழுந்து நின்று அதைத் திருத்த வேண்டும் என்ற அவருடைய பிடிவாதமும்தான். பேரவையில் எழுந்து நிற்க எனக்கு இடமில்லை. ஆகவே அவரை அறிந்த உங்கள் முன் எனக்குத் தெரிந்த வடிவத்தில் எழுதி முடிக்கிறேன். இந்த முறை அறிக்கையின் எந்த வரியையும் நான் விடவில்லை.

(அ) தாணுலெட்சுமி அவர்கள் பேரவையில் மறைத்துப் பேசினாரா?

இல்லை.

(ஆ) ஆமெனில், அவர் பெயரிலுள்ள அந்தக் களங்கத்தை என்ன செய்வது?

எழவில்லை.